இடது கை ஹங்கேரிக்காரி

இருட்டறையில், மருந்துத் தட்டில் மிதந்த தாளை அத்தா மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். சிவப்பு பல்பு வெளிச்சத்தில் கண் பழக எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. முதலில் கறுப்பாக ஒரு தலைமுடி தெரிந்தது. பிறகு ஷூ. பிறகு ஒரு மேசையின் விளிம்பு. முகமும் சட்டையும் மெதுவாக வந்தன, வெள்ளைப் பாவாடை கடைசியாகத்தான் வந்தது.

"கையப் பாரு," என்றார் அத்தா.

பார்த்தேன். அந்த அம்மாள் மட்டையை இடது கையில் பிடித்திருந்தாள்.

"யாரு அத்தா இது?"

"ஹங்கேரி தேசத்துக்காரம்மா. டேபிள் டென்னிஸ்ல ஒலகத்தையே ஜெயிச்சவங்க. அந்தக் காலத்து ஆளு."

"பின்னாடி இன்னா அது, வெள்ளையா, கட்டம் மாதிரி?"

அத்தா இடுக்கியால் தாளைத் தூக்கி அடுத்த தட்டில் போட்டார். படம் அழியாமல் நிற்கப் போடும் ஹைப்போவின் வாசனை மூக்கில் ஏறியது.

"ஜன்னல். வெளிய பனி கொட்டிக்கினு இருக்குது," என்றார். "நாளைக்கு முன்ரூம்ல மாட்டப்போறேன். அண்ணன் வந்து இன்னா கேட்டாலும் நீ வாயத் தொறக்காத."

எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்போம். அவர் கள்ளக்குறிச்சி கடைவீதியில் ஸ்டுடியோ வைத்திருந்தார். அண்ணன் என்று அவர் சொன்னது என் பெரியத்தாவை. எதிர்வரிசையில் மளிகை மொத்த வியாபாரம். எங்கள் குடும்பத்தில் யார் எந்தப் பள்ளிக்கூடம் போவது, யார் யாரைக் கட்டுவது, பெருநாளைக்கு யாருக்கு என்ன நிறத்தில் துணி என்பது வரை அவர் கல்லாவில் உட்கார்ந்தபடியே முடிவாகிவிடும். அந்தப் படத்தைப் பார்த்து அவர் என்ன சொல்லப்போகிறார் என்பதில்தான் என் உயிரே இருந்தது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்.

சோத்துக் கை

நான் பிறவியிலேயே இடது கைக்காரி. சாப்பாடு, எழுத்து, ஒருவருக்கு ஒன்றைக் கொடுப்பது எல்லாம் வலது கையால்தான் என்று எங்கள் வீட்டில் பழக்கினார்கள். அதில் எனக்குக் குறை இல்லை, இன்றைக்கும் வலது கையால்தான் சாப்பிடுகிறேன். எங்கள் தெருவில் இந்து வீடுகளிலும் அதே கதைதான். பள்ளியில் வாத்தியார் சாக்பீஸை இடது கையில் வாங்கினதற்காக ஒரு பையனைப் பெஞ்சு மேல் ஏற்றியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனால் என் இடது கை சும்மா இருக்காது. திருகாணி, கத்தரிக்கோல், கல் எறிவது எல்லாவற்றுக்கும் அதுதான் முதலில் ஓடும். ஒரு மழைக்காலம் முழுக்க அம்மா அந்தக் கைவிரல்களைத் துணியால் கட்டிவிட்டாள். அம்மா வீட்டில் தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைப்பவள், ஆகையால் கட்டும் துணி விதவிதமாக இருக்கும். ஒரு நாள் பூப்போட்டது, மறுநாள் ஜரிகை. ஊரே பார்த்துச் சிரித்தது.

இந்த லட்சணத்தில் நான் டேபிள் டென்னிஸ் கற்றுக்கொண்டேன்.

அதற்குக் காரணம் காதர் மாமா, அம்மாவின் தம்பி. மூங்கில்துறைப்பட்டில் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். விடுமுறைக்கு அங்கே போனால், ஆலைக்காரர்கள் பொழுதுபோக்கும் கொட்டகையில் ஒரு மேசை இருக்கும். அரவை நடக்கும் மாதங்களில் புகைபோக்கியிலிருந்து கரித்தூள் வந்து மேசைமேல் படியும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் துண்டால் துடைக்க வேண்டும். பந்து வெள்ளையாகப் போய்ச் சாம்பல் நிறத்தில் திரும்பி வரும். காற்றில் எப்போதும் பாகு வாசனை.

மாமா மட்டையை நீட்டினார். என் இடது கை அதை வாங்கிக்கொண்டது. அவருக்குப் பந்தைத் திருப்பி அனுப்ப ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். எந்தக் கை என்பது அவர் கவலை இல்லை. மகராசன்!

இரண்டு விடுமுறை போனது. ஷிப்டு முடிந்து வரும் ஆண்களை நான் வரிசையாகத் தோற்கடிக்க ஆரம்பித்தேன். இடது கையிலிருந்து வரும் பந்து அவர்களுக்குப் பிடிபடவில்லை. வலப்பக்கம் வரும் என்று நின்றால் இடப்பக்கம் ஓடும். "இந்தப் பொண்ணு கையில இன்னாமோ வெச்சிக்கினு ஆடுது" என்று ஒருவர் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மீன் முள்

பள்ளி டேபிள் டென்னிஸ் அணியில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அப்போது எங்கள் ஊருக்கும் மாவட்டத் தலைநகரான கடலூரில் மாவட்டப் போட்டி. இன்னும் மூன்று வாரம் இருந்தது. அப்போதுதான் பெரியத்தாவுக்குச் சேதி போனது.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் அவர் வீட்டில்தான். தட்டில் சோறு விழுவதற்குள் ஆரம்பித்தார்.

"பொம்பளப் புள்ள வெளாடட்டும், நான் வேணான்னு சொல்லல. ஆனா கண்ட எடத்துல போயி பீச்சாங்கைய வீசிக்கினு நிக்கறது இன்னா பழக்கம்? சோத்துக் கையில ஆடறதுன்னா கடலூருக்குப் போ. இல்லன்னா அந்த மட்டய அடுப்புல போடு."

வலது கையால் என்னால் ஒரு பந்தைக்கூட ஒழுங்காகத் தொட முடியாது. மூன்று வாரத்தில் கை மாறுமா? நான் அத்தாவைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன்.

அத்தா மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

அந்தத் தலை குனிவை நான் பல வருஷம் மன்னிக்கவில்லை. இந்தத் தொடரைப் படித்துவரும் தியாகதுருகத்து வாசகி ஒருவர், "உங்கள் அத்தாவைப் பற்றி எழுதும்போது மட்டும் பேனா சுருங்கிப்போகிறதே?" என்று கேட்டு எழுதியிருந்தார். அம்மா தாயே, காரணம் இதுதான். அவர் ஒரு வாயில்லாப் பூச்சி என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

பெரியத்தாவின் தீர்ப்பு

படம் மாட்டினது அதற்கு அடுத்த வாரம். முன்ரூமில், ஆட்கள் தலை சீவிக்கொள்ளும் கண்ணாடிக்குப் பக்கத்தில். பெரியத்தா தினமும் பதினொரு மணிக்கு எங்கள் ஸ்டுடியோவுக்கு டீ குடிக்க வருவார். அன்று ஞாயிற்றுக்கிழமை, நான் மூலையில் கவர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

டீ கிளாஸோடு படத்துக்கு எதிரே நின்றார்.

"யாருடா இவ?"

"ஹங்கேரிக்காரங்கண்ணே. இந்த ஆட்டத்துல ஒலக சாம்பியன். பழைய பத்திரிகையில வந்துச்சு, நல்லா இருக்கேன்னு காப்பி எடுத்தேன்."

"பீச்சாங்கையில புடிச்சிக்கினு இருக்கிறா?"

"ஆமாங்கண்ணே."

பெரியத்தா ஒரு வாய் டீ குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். வியாபாரி மூளை. ஒலக சாம்பியன் தப்பாகப் பிடிப்பாளா? மாட்டாள். அப்படியானால்?

"அப்போ இந்த ஆட்டமே அப்பிடித்தான் போலக்குதுடா," என்றார். "யோசிச்சுப் பாத்தா சரிதான். பந்து கண்ட எடத்துல உருளுது. பீச்சாங்கையிலயே பொறுக்கி, பீச்சாங்கையிலயே அடிச்சா, சோத்துக் கை சுத்தமா இருக்கும். வெள்ளக்காரன் காரணம் இல்லாமயா செஞ்சிருப்பான்?"

நான் தலையைக் குனிந்து கவரில் பசையைத் தடவினேன். அத்தா மிக மரியாதையாக, "நீங்க சொன்னா சரியாத்தாங்கண்ணே இருக்கும்," என்றார்.

இரண்டு நாள் கழித்து அம்மா சாப்பாட்டுக் கேரியரோடு ஸ்டுடியோவுக்கு வந்தாள். அவள் கண் கைக்குப் போகவில்லை, சட்டைக்குப் போனது.

"இன்னாங்க இது? பொம்பள சட்டையில ஆம்பளப் பக்கம் பொத்தான் வெச்சிருக்கானே. எவன் தெச்சான் இத?"

"ஹங்கேரில அப்பிடித்தான் தெப்பாங்க," என்றார் அத்தா. "சோறு ஆறுது, எடு."

அம்மா விடவில்லை. நாலு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நாட்டில் ஒழுங்கான தையல்காரி இல்லையா என்று அவளுக்கு உண்மையாகவே வருத்தம்.

டீ கிளாஸில் ஒரு பந்து

கடலூருக்குப் போகும்வரை ஸ்டுடியோவின் பின்கட்டில் சுவரோடு ஆடிப் பழகினேன். பந்து நசுங்கிவிட்டால் புதிது வாங்கக் கடலூரோ சென்னையோ போக வேண்டும். அத்தா நசுங்கின பந்தை டீ கிளாஸில் போட்டு வெந்நீர் ஊற்றுவார். கொஞ்ச நேரத்தில் உள்ளே போன பள்ளம் 'டப்' என்று வெளியே வரும். பந்து ஆறும் வரைக்கும் ஹங்கேரிக்காரியின் கதை சொல்வார். அவர் அகராதி வைத்துக்கொண்டு இங்கிலீஷ் படிப்பவர், ஒரு நாளைக்கு ஒரு பத்திதான் தேறும்.

நடுவில் பெரிய ஆறு ஓடுகிற ஊரில் பிறந்தாளாம். முதலில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் ஆடினாளாம். அந்தக் காலத்தில் மட்டையில் ஸ்பாஞ்ச் கிடையாது, பலகைமேல் மெல்லிய புள்ளி ரப்பர்தான். அதனால் ஒரு பாயிண்டே முடியாமல் ஓடுமாம். நடுவர் கடிகாரத்தைப் பார்த்துக் கொட்டாவி விடுவாராம். முதல் தடவை உலகப் பட்டம் வாங்கினாள், அடுத்தும் வாங்கினாள், அதற்கடுத்தும் வாங்கினாள். இரட்டையர் ஆட்டத்திலும் அவள்தான். ஒரு நாள் இளையவள் ஒருத்தியிடம் தோற்றாள். வலைக்கு மேலே கையை நீட்டிக் குலுக்கிவிட்டு, மட்டையைத் துணியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

"வூட்டுல ஒண்ணும் சொல்லலியா அத்தா?"

"சொல்லாம? அவங்க பெரியத்தாவும் இடது கையில ஆடக்கூடாதுன்னு ஒரே சண்டையாம். வெரல்ல துணியக் கட்டி விட்டாங்களாம். அந்தம்மா அழுதுக்கினே ஆடிச்சாம்."

ஹங்கேரியில் பெரியத்தா! எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. பெரியத்தாக்கள் இல்லாத தேசம் உண்டா என்ன?

அந்தப் பத்திரிகைப் பக்கத்தைக் காட்டச் சொல்லி நச்சரித்தேன். "எங்கியோ வெச்சிட்டேன்" என்பார். நான் இரவும் பகலும் அவளையே நினைத்தேன். அந்தப் பனியில் பந்து எப்படித் துள்ளும்? குளிரில் விரல் மரத்துப்போகாதா? வெள்ளைப் பாவாடையை யார் துவைத்தார்கள்? தோற்ற அன்று ராத்திரி என்ன சாப்பிட்டாள்?

கடலூருக்குப் பெரியத்தாவே கூட வந்தார். அங்கே அவருக்கு மஞ்சள் வியாபாரம் ஒன்று இருந்தது. நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எதிரே நின்ற சிதம்பரத்துப் பெண் வலது கையில் மட்டையோடு சர்வீஸ் போட வந்தாள். இவர் சத்தமாக, உண்மையான அக்கறையோடு கேட்டார்.

"இன்னாம்மா, சோத்துக் கையில ஆடிக்கினு இருக்க? உனக்கு யாரும் சொல்லித் தரலியா?"

அந்தப் பெண் தன் கையைப் பார்த்தாள், மட்டையைப் பார்த்தாள், பந்தை வலையில் அடித்தாள். நடுவர் பெரியத்தாவை எழுப்பி வெளியே அனுப்பினார். "நல்லது சொன்னா யாருக்கும் புடிக்கல" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். நான் அரையிறுதியில் தோற்றேன். வலைக்கு மேலே கையை நீட்டிக் குலுக்கினேன். மட்டையைத் துணியில் சுற்றிக்கொண்டேன்.

நான் சொன்ன வார்த்தை

அந்த இடது கைதான் எனக்குச் சோறு போட்டது. மாநிலப் போட்டி வரை ஆடினேன், உடற்கல்விப் படிப்பு முடித்தேன். கல்வராயன் மலையில் ஓர் அரசுப் பள்ளியில் வேலை கிடைத்தது. மலைமேல் தனியாக ஒரு பெண் தங்குவதா என்று பெரியத்தா குதித்தார். அன்றைக்கும் அத்தா தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தார்.

இந்த முறை நான் அடங்கவில்லை. பெரியத்தாவிடம் நேருக்கு நேர் பேசி, வேலைக்குப் போவேன் என்று சொல்லிவிட்டேன். பிறகு ஸ்டுடியோவுக்கு வந்து, ஆத்திரம் தாங்காமல் அத்தாவிடம் கத்தினேன். "எனக்காக நீங்க வாழ்நாள்ல ஒரு வார்த்த பேசினதில்ல. ஒரே ஒரு வார்த்த!"

அத்தா கழுத்தில் தொங்கிய கண்ணாடியைத் துடைத்தார். "சரிம்மா," என்றார். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, சுவரிலிருந்து ஹங்கேரிக்காரியை இறக்கி, செய்தித்தாளில் சுற்றி என் கையில் கொடுத்தார். "மேல எடுத்துக்கினு போ. உனக்குத் துணையா இருக்கும்."

அவர் போய்ச் சேர்ந்து இப்போது பல வருஷம் ஆகிறது. அந்த வார்த்தையைப் பற்றி நாங்கள் பிறகு பேசவே இல்லை.

தண்ணீர்த் தொட்டிப் பக்கம்

படம் மலைப் பள்ளியின் விளையாட்டு அறையில் முப்பது வருஷத்துக்கு மேல் தொங்குகிறது. நான் ஓய்வு பெறுகிற வருஷம், கம்ப்யூட்டர் டீச்சர் மல்லிகா அதைப் பார்த்து, "இந்தம்மா பேரு இன்னாங்க டீச்சர்?" என்றாள்.

அல்லாவே, எனக்குத் தெரியாது! அத்தா சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. மல்லிகா விடுவாளா? மழை இல்லாத நாளில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றால் சிக்னல் வரும். அங்கே நின்று இருவரும் போனில் தேடினோம். ஹங்கேரி, பழைய சாம்பியன், பெண். வந்துவிட்டாள். அதே முகம்தான். பேரை இங்கே எழுதவில்லை. எனக்கு உச்சரிக்க வரவில்லை, நான் தப்பாக எழுதி அந்த ஊர்க்காரர்கள் வருத்தப்பட வேண்டாம்.

ஆறு ஓடும் ஊர் உண்மை. தொடர்ந்து வாங்கின பட்டங்கள் உண்மை. இளையவளிடம் தோற்றதும் உண்மை. பெரியத்தாவைக் காணோம். துணி கட்டின விரலைக் காணோம். படம் படமாக மல்லிகா தள்ளிக்கொண்டே போனாள். எல்லாப் படத்திலும் மட்டை வலது கையில் இருந்தது.

நம்முடைய படமும் வந்தது. அதே மேசை, அதே பாவாடை. ஆனால் கண்ணாடியில் பார்த்த மாதிரி பக்கம் மாறியிருந்தது.

நான் சிரிக்க ஆரம்பித்தவள் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எவனோ பத்திரிகைக்காரன் படத்தைத் திருப்பி அச்சடித்துவிட்டான் என்று மல்லிகாவிடம் சொன்னேன். அந்தத் தப்பில் என் பிழைப்பே ஓடியிருக்கிறது!

மல்லிகா சிரிக்கவில்லை. "அது எப்பிடிங்க டீச்சர்? இதுல பின்னாடி நீங்க சொல்ற ஜன்னல் இல்ல. ஸ்கோர் போர்டு. எழுத்தெல்லாம் இருக்குது. பத்திரிகையில திருப்பிப் போட்டிருந்தா நம்ம படத்துலயும் எழுத்து திரும்பித்தான இருக்கணும்? வெறும் வெள்ளையா இல்ல இருக்குது?"

நான் போனை வாங்கி, அந்த ஸ்கோர் போர்டை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்.

சிவப்பு மை

போன மாதம் தம்பி சலீம் கூப்பிட்டான். ஸ்டுடியோ இப்போது அவனிடம். ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, ஆதார் பிரிண்ட் என்று கூட்டம் ஜேஜே என்று இருக்கும்.

"அக்கா, பழைய நெகட்டிவ்ல வெள்ளி எடுக்கறவன் வந்துக்கினு இருக்கான். எல்லாத்தையும் போடப் போறேன். உனக்கு ஏதாச்சும் வேணும்னா வந்து பாத்துக்க."

போனேன். பெட்டி பெட்டியாக நெகட்டிவ். மூன்றாவது பெட்டியில் ஓர் உறை தடியாக இருந்தது. உள்ளே நாலாக மடித்த பத்திரிகைப் பக்கம். விரித்தேன். ஹங்கேரிக்காரி வலது கையில் மட்டையோடு நின்றாள். பின்னால் ஸ்கோர் போர்டு, எழுத்துகள் நேராக இருந்தன. சட்டைப் பொத்தான் பெண்கள் பக்கம் இருந்தது. பத்திரிகைக்காரன் ஒரு தப்பும் செய்யவில்லை.

சலீம் நெகட்டிவை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தான். ஸ்கோர் போர்டு இருந்த இடம் முழுக்கச் சிவப்பு மை, மெல்லிய பிரஷ்ஷால் ஓரம் பிசகாமல் பூசியிருந்தது.

"நெகட்டிவ்ல இத பூசினா பிரிண்ட்ல அந்த எடம் வெள்ளையா வுழும்," என்றான். "எழுத்து தெரியக்கூடாதுன்னு மறச்சிருக்காரு. அப்பறம் நெகட்டிவத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்திருக்காரு." அவன் குரல் இறங்கியது. "அத்தாவாக்கா இப்பிடி செஞ்சாரு?"

அவன் அதிர்ச்சிக்குக் காரணம் உண்டு. சின்ன வயசில் அவன் ஒரு கல்யாணப் படத்தைக் கவனக்குறைவாகத் திருப்பிப் போட்டுவிட்டான். பெண்ணின் முந்தானை வலது தோளுக்குப் போய்விட்டது. அத்தா அத்தனை பிரிண்டையும் கிழித்துப் போட்டு, இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. "ஒருத்தர் ஒடம்ப இடம் வலமா மாத்திக் காட்டறது பொய் சொல்றதுடா," என்றார். அவர் தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

அந்தப் பாவத்தை ஒரே ஒரு தடவை செய்திருக்கிறார். அண்ணனை எதிர்த்துப் பேச அவருக்கு வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை மீனில் முள் எடுத்துக்கொண்டே யோசித்திருக்கிறார். ஊரெல்லாம் தேடி ஒரு சாம்பியனைக் கொண்டுவந்து, அவள் கையை மாற்றி, அவளுக்கு ஒரு பெரியத்தாவையும் கொடுத்து, என் பக்கம் நிற்க வைத்திருக்கிறார். நானோ அவரைப் பார்த்து, ஒரு வார்த்தை பேசினதில்லை என்று கத்தினேன். அவர் சரிம்மா என்றார். ஸ்டூலில் உட்கார்ந்து, ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் பார்க்கப் பார்க்க, நான் அழுதேன்.

மல்லிகாவுக்குப் போன் செய்தேன். சரியான படத்தை பிரிண்ட் எடுத்து மாட்டட்டுமா என்று அவள் முன்பே கேட்டிருந்தாள். வேண்டாம், பழையதே இருக்கட்டும் என்றேன்.

பிறகு நெகட்டிவை உறையில் போட்டேன். எந்த உறையானாலும், படத்தில் இருப்பவர் பெயரை அத்தா மேல் ஓரத்தில் எழுதிவைப்பார், அப்போதுதான் பின்னால் தேட முடியும். இந்த உறையையும் திருப்பிப் பார்த்தேன். மேல் ஓரத்தில், அத்தாவின் சாய்ந்த கையெழுத்தில், 'நசீமா' என்று என் பெயர் இருந்தது.